ஆம்பியரில் பேசப் பழகுவோம்

ஜப்பானிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சோற்றுக் குக்கர் ஒன்றை ஜொகூர் பாருவில் ஓட்ட வேண்டுமானால், 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் சிறிய மின்மாற்றி வேண்டும். மின்சாமான் கடைகளில் கைக்கு அடக்கமான இரும்புப் பெட்டியாக அது கிடைக்கிறது. மேலே 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அச்சிட்டிருப்பார்கள். குக்கரின் அடியில் 100 வோல்ட், 1,200 வாட் என்றிருக்கும். இரண்டையும் பொருத்திச் சுவிட்சைத் தட்டினால் சோறு வேகும். 100 வோல்ட்டுக்குச் செய்த குக்கருக்கு 110 வோல்ட் போவதால் அது 1,450 வாட் அளவுக்கு இழுக்கும். மின்மாற்றியின் 110 வோல்ட் பக்கத்தில் 13 ஆம்பியர் ஓடும். 500 விஏ பெட்டி அந்தப் பக்கத்தில் தாங்கக்கூடியது நாலரை ஆம்பியர்தான். ஏறத்தாழ மூன்று மடங்கு சுமை. ஆனால் சுவரில் செருகிய மூன்று கால் பிளக்கில் ஓடுவது ஆறு ஆம்பியருக்குச் சற்றே அதிகம். அந்தப் பிளக்கில் சாதாரணமாக இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். அதைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அது உருகாது. பெட்டிக்குள் சுருள் வெந்துகொண்டிருக்கும்.

ஜொகூரில் இன்று மின்சாரத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. கூலாயில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டு எழும் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மைய வளாகம், செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா, 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று எல்லாமே மெகாவாட்டில் அளக்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் பில் கிலோவாட்-மணியில் வருகிறது. கடையில் சாமான் வாங்கும்போது வாட் எவ்வளவு என்று கேட்கிறோம். ஆனால் கம்பியைச் சுட வைப்பது வாட் அல்ல, ஆம்பியர். மின்மாற்றி எனும் கருவியின் எல்லையும் ஆம்பியரில்தான் இருக்கிறது. சமையலறைப் பெட்டியானாலும் தாமான் முனையில் நிற்கும் பெரிய மின்மாற்றியானாலும், எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க நாம் பழக வேண்டும். விற்பவரும் அவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

மின்மாற்றியைப் பலரும் தண்ணீர்க் குழாய் போல நினைக்கிறார்கள்: குழாய் சிறிதாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும், அவ்வளவுதானே என்று. மின்மாற்றி அப்படி நடந்துகொள்வதில்லை. அது மறுக்கத் தெரியாத கருவி. இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தில் பொதுவாக இரண்டு செம்புச் சுருள்கள். ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பு கிடையாது, காந்தப்புலம் வழியாகத்தான் பேச்சு. ஒரு பக்கம் சுமை கேட்கிற மின்னோட்டத்தை ஈடுகட்ட, மறுபக்கச் சுருள் சுவரிலிருந்து அதற்கேற்ற அளவை இழுத்துக்கொள்கிறது. 500 விஏ பெட்டியில் 1,450 வாட் சுமையைக் கட்டினால் ‘என்னால் 500தான் முடியும்’ என்று அது கையை விரிப்பதில்லை. மின்னழுத்தம் கொஞ்சம் தளரும். மற்றபடி கேட்டதைக் கொடுக்கும், தன் காப்பு கருகும்வரை கொடுக்கும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அதன் வலிமை என்று படிக்கக் கூடாது. தன் ஆயுளைத் தின்னாமல் அது தொடர்ந்து தரக்கூடிய அளவு என்றே படிக்க வேண்டும்.

அந்த எண் ஏன் வாட்டில் இல்லாமல் வோல்ட்-ஆம்பியரில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. மின்மாற்றிக்குள் இரண்டு இடங்களில் சூடு பிறக்கிறது. இரும்பில் பிறப்பது மின்னழுத்தத்தைப் பொறுத்தது; சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஏறக்குறைய மாறாது. செம்பில் பிறப்பது மின்னோட்டத்தைப் பொறுத்தது. அதுவும் வர்க்கத்தில் ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மேலே சொன்ன குக்கர் விஷயத்தில் செம்பின் சூடு எட்டு மடங்குக்கு மேல் போகிறது. அந்த மின்னோட்டம் அடுப்பைச் சூடாக்குகிறதா, மோட்டாரைச் சுற்றுகிறதா, எவ்வளவு வாட் பயனாகிறது என்பதைச் செம்பு கேட்பதில்லை. 300 வாட் என்று எழுதிய ஒரு மோட்டார் 0.6 திறன் காரணியில் (எடுக்கும் வோல்ட்-ஆம்பியரில் வாட்டாகும் பங்கு) ஓடினால் அது எடுப்பது 500 விஏ. வாட்டை மட்டும் பார்த்தவர் இன்னும் 200 மிச்சம் இருக்கிறது என்று நினைப்பார். மிச்சம் ஒன்றும் கிடையாது. போதாததற்கு, மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

‘பத்து நிமிஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இதற்கு வழக்கமான பதில். அது பொய்யல்ல. இரும்புக்கும் செம்புக்கும் எடை இருக்கிறது, அவை சூடேற நேரம் எடுக்கும். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடத்துக்கு அளவை மீறினால் சிறிய மின்மாற்றிகூடத் தாங்கிவிடும். அதனால்தான் ஆம்பியரோடு நேரத்தையும் கேட்க வேண்டும் என்கிறேன். இதற்கு நல்ல முன்மாதிரி வேறெங்கும் இல்லை, தம்போய், மாசாய் பக்கத்து இரும்புப் பட்டறைகளில் இருக்கிறது. பழைய பாணி வெல்டிங் மெஷினும் ஒரு மின்மாற்றிதான். அதன் தகட்டில் 160 ஆம்பியர், 20 சதவீதம் என்பதுபோல எழுதியிருக்கும். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பற்றவைக்கலாம், எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். வர்க்கக் கணக்கில் பார்த்தால் அந்த 160 ஆம்பியர் மெஷின் தொடர்ச்சியாகத் தாங்குவது 70 ஆம்பியர் சொச்சம்தான். பட்டறைக்காரருக்கு இது தெரியும். தகடும் மறைக்காமல் சொல்கிறது. வீட்டுக்கு வாங்கும் பெட்டி மட்டும் ஏன் ஒற்றை எண்ணோடு நின்றுவிட வேண்டும்?

நம் ஊரின் வெயிலும் இந்தக் கணக்கில் சேரும். எண்ணெயில் மூழ்கிய மின்மாற்றிகளுக்கான பன்னாட்டுத் தர நிர்ணயம், சுற்றுப்புற வெப்பம் ஆண்டுச் சராசரியில் 20 டிகிரி, உச்சத்தில் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டே திறனை வரையறுக்கிறது. அந்த நிலையில் முழுச்சுமையில் சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் நிற்க வேண்டும். காப்புக்குச் சுற்றிய சாதாரணக் காகிதம் அந்தப் புள்ளியில்தான் இயல்பான வேகத்தில் மூப்படைகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கும். ஜொகூரின் ஆண்டுச் சராசரி 27 டிகிரியை ஒட்டியிருக்கிறது. இளைப்பாறுவதற்குக் குளிர்காலம் என்று ஒன்றும் இங்கே கிடையாது. ஏழு டிகிரி கூடுதல் என்றால், எப்போதும் முழுச்சுமையில் ஓடும் மின்மாற்றி இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான வேகத்தில் கிழடாகும். பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. சூடு குறைவாக ஏறும்படி செய்து தரச் சொல்லி வாங்க முடியும், சுமையைக் குறைத்தும் ஓட்ட முடியும். கடையில் பெட்டி வாங்கும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அதை அலமாரிக்குள் தள்ளி, மேலே துணி போட்டு மூடிவைப்பவர்களுக்குச் சுற்றுப்புறம் 27 டிகிரிகூட அல்ல.

சிறிய பெட்டியில் இன்னும் இரண்டு சங்கதிகள் எழுத்தில் வராமல் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அது இரண்டு தனிச் சுருள் கொண்டதா, ஒரே சுருளில் நடுவே கிளை எடுத்ததா என்பது. கிளை எடுத்த வகையைத் தன்மின்மாற்றி என்பார்கள். 230ஐ 110 ஆக்கும் வேலைக்கு அதில் ஏறக்குறையப் பாதி அளவு இரும்பும் செம்பும் போதும். விலையும் எடையும் குறையும். அது தவறான பொருள் அல்ல. ஆனால் சுவர் மின்சாரத்துக்கும் சாமானுக்கும் நடுவே அதில் தடுப்பு கிடையாது. கீழ்ப்பகுதிச் சுருள் அறுந்தால் 110க்குப் பதில் 230 வோல்ட்டே சாமானைத் தேடி வரலாம். இரண்டாவது, எந்த மின்மாற்றியும் வோல்ட்டை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே செய்த மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும்; அதன் இரும்பு கூடுதலாகக் காந்தமேறித் தேவைக்கு மேல் ஆம்பியர் குடிக்கும். சாமானின் அடியில் எழுதியிருக்கும் கணக்கு 60 ஹெர்ட்ஸுக்கு உரியது என்பதால், அதை நம்பி வாங்கிய மின்மாற்றி இங்கே குறைபடும்.

இனி வீட்டைவிட்டுத் தெருவுக்கு வருவோம். தாமான் முனைத் துணைமின்நிலையத்தில் 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும், மின் விநியோக நிறுவனமான டிஎன்பியின் மின்மாற்றி மும்முனை உடையது. வீடுகளில் மிகப் பலவற்றுக்கு வருவதோ ஒருமுனை மின்சாரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று முனைகளில் ஒன்றில்தான் ஒவ்வொரு வீடும் தொங்குகிறது. ஆகவே 300 கேவிஏ மின்மாற்றி என்பது நடைமுறையில் முனைக்கு 100 கேவிஏ வீதம் மூன்று ஒருமுனை மின்மாற்றிகள் ஒரே தொட்டியில் கிடப்பது போன்றது. முனை ஒன்றுக்கு அது தரக்கூடியது 400 ஆம்பியர். மஞ்சள் முனையில் சுமை ஏறி வழியும்போது சிவப்பில் இடம் காலியாக இருந்தால், மொத்தக் கணக்கில் மின்மாற்றிக்கு மிச்சம் இருப்பதாகத் தெரியும். மஞ்சள் சுருளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மின்சாரக் கார் வாங்கிய வீட்டில் 32 ஆம்பியர் ஒருமுனை சார்ஜரைப் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முனையில் அப்படிப் பன்னிரண்டு கார்கள் இரவில் செருகப்பட்டால் 384 ஆம்பியர். குளிர்சாதனப் பெட்டி, ஏர்கான், விளக்கு என்று எதையும் இன்னும் எண்ணவே இல்லை.

எல்லா வீடும் ஒரே நேரத்தில் முழுதாக இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் தெரு மின்மாற்றிகளின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. அது நியாயமான நம்பிக்கை. உலகம் முழுவதும் அப்படித்தான். ஒரு வீட்டில் கெட்டில் கொதிக்கும்போது அடுத்த வீட்டில் கொதிக்காது. கார் சார்ஜரின் குணம் வேறு. அது மணிக்கணக்கில் ஓடும். எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒரே நேரத்தில் ஓடும். அதே இரவில் ஏர்கானும் ஓடும். ஒரு வீட்டுக்குள்ளேயே கணக்குப் பாருங்கள்: சார்ஜர் 32, ஷவர் ஹீட்டர் 16, மூன்று சிறிய ஏர்கான் 12, கெட்டில் 13 என்று சேர்ந்தால் 73 ஆம்பியர். பல ஒருமுனை வீடுகளில் முதன்மைச் சுவிட்ச் 63 ஆம்பியர். ஒருமுனை இணைப்பின் உச்சத் தேவையை டிஎன்பி பொதுவாக 12 கேவிஏ என்று கணக்கிடுகிறது. அது 52 ஆம்பியர். வாட்டில் பேசுகிற வரை இந்த நெருக்கடி கண்ணில் படுவதில்லை.

மெகாவாட் பேச்சு நம்மை எவ்வளவு திசைதிருப்புகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பெரிய தரவு மையங்கள் தெரு மின்மாற்றியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. 132 அல்லது 275 கிலோவோல்ட் பாதைகளிலிருந்து எடுக்கின்றன. 500 மெகாவாட் முழுவதும் 275 கிலோவோல்ட்டில் ஒரே இணைப்பில் வருவதாக வைத்துக்கொண்டால், கம்பியில் ஓடுவது ஏறத்தாழ 1,050 ஆம்பியர். ஒரு தாமானுக்கு மின்சாரம் தரும் 750 கேவிஏ மின்மாற்றி முழுச்சுமையில் ஓடும்போது வீட்டுப் பக்கத்தில் பாயும் மின்னோட்டம் முனைக்கு 1,000 ஆம்பியர். ஆற்றலில் அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆம்பியரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தரவு மையங்கள் மின் உற்பத்தியையும் தண்ணீரையும் எவ்வளவு எடுக்கலாம் என்பது தனி விவாதம். அது நடக்க வேண்டியதுதான். ஆனால் உங்கள் தெருவில் விளக்கு மங்கினால், அதற்கு விடை கூலாயில் இருப்பதைவிடத் தெருமுனைச் சுருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் வயர்மேனும் பொறியாளரும் பார்க்க வேண்டிய வேலை, குடும்பத்தலைவிக்கும் கடைக்காரருக்கும் எதற்கு என்று கேட்பார்கள். சுவருக்குள் இருக்கும் வயரிங்கைத் தொடத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளக்கில் எதைச் செருகுவது, மின்மாற்றியில் எந்தச் சாமானைக் கட்டுவது என்ற முடிவை எந்த வயர்மேனும் எடுப்பதில்லை, வீட்டார்தான் எடுக்கிறார்கள். முடிவு யார் கையில் இருக்கிறதோ, அதற்கான கணக்கும் அவர் கையில் இருக்க வேண்டும். இது நமக்கு அந்நியமான துறையும் அல்ல. இந்நாட்டில் மின் உற்பத்தியின் தொடக்கமாகக் குறிப்பிடப்படுவது 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நிறுவிய மின்னாக்கி. இருவரும் தொழிலதிபர்கள், பொறியாளர்கள் அல்லர். இங்கே வேண்டியதும் பொறியியல் அல்ல. ஒரு வகுத்தல் கணக்கு.

‘கணக்கெல்லாம் எதற்கு, பெரிதாக ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்தது’ என்பது இன்னொரு வாதம். ஓரளவுக்கு அது நல்ல யோசனையே. தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டி வாங்குவது கெட்டிக்காரத்தனம். அதற்கும் எல்லை உண்டு. 13 ஆம்பியர் பிளக் வழியாக வரக்கூடியது 2,990 விஏ. ஆகவே அந்தப் பிளக்கோடு விற்கும் 5,000 விஏ பெட்டி தன் முழு எண்ணை ஒருநாளும் தொட முடியாது. பெரிய இரும்பு சும்மா இருக்கும்போதும் சூடாகிறது. சுமையில்லாமல் 20 வாட் குடிக்கும் பெட்டியை ஆண்டு முழுதும் செருகி வைத்தால் 175 யூனிட் வீண். சுவிட்சைத் தட்டும் கணத்தில் அது முழுச்சுமையைப் போல் பத்து மடங்கு மின்னோட்டத்தைக்கூட ஒரு துளி நேரம் இழுக்கலாம்; காரணமின்றி பிரேக்கர் விழுகிறது என்று புலம்புவதன் பின்னணி பல நேரம் இதுதான். பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸை மாட்டினால் போதும் என்பவர்களுக்கும் இதுவே பதில்: அதே துளி நேரப் பாய்ச்சலில் அந்த ஃபியூஸ் அநியாயமாக உருகக்கூடும். சரியான காவல் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், சுமைப் பக்கத்தில் ஒரு பிரேக்கராக, அல்லது சுருளின் சூட்டை அறிந்து தானே துண்டிக்கும் சிறு கருவியாக.

கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் எல்லாம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குகின்றன, மின்மாற்றிப் பெட்டிக்கு இனி என்ன வேலை என்றும் கேட்கலாம். அந்தச் சாமான்களுக்கு வேலையில்லை என்பது சரி. மிஞ்சியிருப்பவை சூடாக்கும் சாமான்களும் மோட்டார் உள்ளவையும். ஆம்பியரை அதிகம் கேட்பவையும் அவைதான். பெட்டிகளின் எண்ணிக்கை குறையலாம். எஞ்சிய ஒவ்வொன்றின் மேலும் ஏறும் சுமை கனமானது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், விற்பனைக்கு வரும் சிறிய மின்மாற்றிகளின் தகட்டில் வோல்ட்-ஆம்பியரோடு, சாமான் பக்கத்தில் எத்தனை ஆம்பியர், எத்தனை டிகிரி சுற்றுப்புறத்தில், தொடர்ந்தா, இடைவிட்டா என்பதையும் தெரியும் எழுத்தில் போட வேண்டும் என்று எரிசக்தி ஆணையம் கேட்கலாம். உள்ளே வெப்பத்துண்டிப்பு இல்லாத பெட்டி அதையும் சொல்லட்டும். விலை ஏறும் என்பார்கள். தகட்டில் ஒரு வரி கூடுவதால் ஏறும் விலை ஒன்றுமில்லை. வெப்பத்துண்டிப்பால் சிறிது ஏறலாம், அதைத் தரத் தயங்க வேண்டியதில்லை. அடுத்து, சார்ஜர் பொருத்துவோர் அதை டிஎன்பியிடம் தெரிவித்துச் சுமையைப் பதிய வேண்டும்; எந்த முனையில் எத்தனை சார்ஜர் ஏறியிருக்கிறது என்ற கணக்கு தெருவாரியாக இருந்தால், சுருள் கருகும் முன்பே முனை மாற்றிச் சுமையைப் பகிரலாம். பள்ளிக்கும் இதில் பங்குண்டு. ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்மாற்றி ஒரு பாடம். சுற்றுகளின் விகிதத்தையும் ஆற்றல் இழப்புக்கான காரணங்களையும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் கிடக்கும் ஒரு பெட்டியின் தகட்டைக் கொண்டுவந்து, ‘இதில் எந்தச் சாமானை எத்தனை மணிநேரம் ஓட்டலாம்?’ என்ற ஒரே கேள்வியை அந்தப் பாடத்தோடு சேர்த்தால் போதும்.

சட்டமும் பாடத்திட்டமும் மாறும்வரை நம் கையில் இருப்பது வகுத்தல். பெட்டியில் உள்ள விஏ எண்ணை, வெளிவரும் வோல்ட்டால் வகுங்கள், கிடைப்பது ஆம்பியர். சாமானுக்கும் அதையே செய்யுங்கள். சாமானின் எண் பெட்டியின் எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டினால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். கடைக்காரர், ‘ஓடும், பயப்படாதீங்க’ என்பார். ஓடும் என்பதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள்.